பதினாலாம் நம்பர் வீட்டு வெளச்சல்

வாப்பா, உம்மா, சுல்பிகா ராத்தா, இது உங்கட ஜவுபர் கதைக்கிறன். இந்தக் கசட்ட முன் விறாந்தையில வெச்சிப் போட்டிராதீங்க. உள்ளறைக்க வெச்சி, சத்தத்தக் குறைச்சிக் கேளுங்க. போன கசட்டுல குளிருக்குக் காலுல ரெண்டு சோடி மேஸ் போட்டுப் படுக்கிறன் எண்டு சென்னது நிந்தவூர் முழுக்கத் தெரிஞ்சி, அபூசாலி காக்கா மேஸ் இப்ப எத்தின சோடி எண்டு காயிதம் போட்டுக் கேட்டிரிக்கார்.

இது வேற விசயம். நான் இங்கிலாந்துக்கு வந்து என்ன படிக்கிறன் எண்டு உம்மா கேட்டீங்க. அபிவிருத்திப் பொருளியல். ஏழை நாடு ஏன் ஏழையா இரிக்கி, என்ன செஞ்சா நிமிரும் எண்டு பாக்கிற படிப்பு. அதுக்காகத்தான் எண்பதாம் வரிசம் லீவுல வந்து, படிவத்தையும் தூக்கிக்கிட்டு நாப்பது வீடு ஏறி இறங்கினன். எத்தின ஏக்கர் வெள்ளாம, எத்தின மூட நெல்லு எண்டு கேட்டு எழுதினன். அத வெச்சித்தான் ஆய்வு. ஆய்வு சரிவராட்டிப் பட்டமில்ல, ஸ்கொலர்ஷிப்பும் நிண்டிரும், வெறுங்கையோட ஊர்ல வந்து இறங்கணும். நீங்க பயந்திருவீங்க எண்டு அப்ப செல்லல்ல.

மாசி மாசம் எனக்குப் படிப்பிக்கிற மிஸ் கூப்பிட்டா. நரைச்ச தல, சைக்கிள்ள வாற மனிசி. என்ட அட்டவணைய மேசையில விரிச்சி, வித நெல்லு, பசள, வெட்டுக்கூலி எல்லாத்தையும் கழிச்சிக் காட்டினா. ஏக்கருக்கு எட்டு மூட வந்தா, மிஞ்சிறது ஒரு குடும்பத்துக்கு ரெண்டு மாசத்துக்கும் காணா. ஆனா அதே வீட்டுக்காரர் கல்வீடு கட்டினதையும் மகளுக்குக் கலியாணம் முடிச்சதையும் மற்றப் பக்கத்துல நானே எழுதி இரிக்கன்.

"உன்ட கணக்குப்படி இந்த ஊர் எப்பயோ பட்டினியில செத்திரிக்கணும். நீ ஆரோட கதைச்சிட்டு வந்த?" எண்டு கேட்டா.

ஆறு கிழமை தவணை தந்தா. அதுக்குள்ள திருத்தாட்டி சரி, முடிஞ்சிச்சி.

பஸ்ஸுல வரக்கொள்ளதான் எனக்கு விளங்கிச்சி. நம்மட ஊர்ல ஆரு வெளச்சலச் செல்லுவாங்க? சூடு மிதிச்சி நெல்லு மலை மாதிரிக் குவிஞ்சி கிடந்தாலும், கேட்டா "ஏதோ இரிக்கி" எண்டுதான் செல்லுவாங்க. வாயால எண்ணிச் சென்னா கண்ணூறு பட்டிரும், அடுத்த போகம் அறக்கொட்டிப் பூச்சி திண்டிரும். அந்த ஊர்ல பொறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனா கையில படிவம் இருந்தா உண்மையச் செல்லுவாங்க எண்டு நம்பிட்டன். அவங்கட மூஞ்சியப் பாக்கல்ல, என்ட பேனையப் பாத்துக்கிட்டு இருந்திரிக்கன்.

மறுகாதான் ஒரு யோசன வந்திச்சி. வெளச்சலக் குறைப்பாங்க, ஸகாத்தக் குறைக்க மாட்டாங்க. பத்துல ஒண்டு அல்லாட பங்கு. அதக் குறைச்சிச் செல்லவும் பயம், கூட்டிச் செல்லவும் பயம். அதான் ராத்தாக்கு அவசரமா எழுதினன். அதே நாப்பது வீட்டுக்கும் போங்க, வெளச்சல் எண்ட சொல்லையே எடுக்காதீங்க, அந்த வரிசம் ஸகாத்துக்கு எத்தின மூட குடுத்தீங்க எண்டு மட்டும் பொண்டுகள்ட்டக் கேளுங்க எண்டு.

ராத்தா, ஹாஜறா மாமி கேட்டத நீங்க எழுதி இருந்தீங்கதானே, அத வாசிச்சி இஞ்ச தனியாச் சிரிச்சன். "உன்ட தம்பி சீமையில இருந்துக்கிட்டு எங்கட நெல்லையா எண்ணுறான்? அவனுக்கு வேற படிப்புக் கிடைக்கல்லயா?" நீங்க விட்டுக் குடுத்தீங்களா? அவனுக்குக் கணக்கு வராது மாமி, அதான் திருப்பித் திருப்பிக் கேக்கான் எண்டு செல்லி, பிளேன்ரியும் குடிச்சி, ஸகாத்தையும் கேட்டு எடுத்திட்டு வந்திரிக்கீங்க.

தவணைக்கு நாலு நாள் இருக்கக்கொள்ள உங்கட காயிதம் வந்திச்சி. எல்லாத்தையும் பத்தால பெருக்கினன். ஏக்கருக்கு இருபத்தஞ்சி மூட. கல்வீடும் சரி, கலியாணமும் சரி, எல்லாம் பொருந்தி வந்திச்சி. மிஸ் ரெண்டு தரம் வாசிச்சா. பொய்க் கணக்கையும் உண்மைக் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல போட்டு, ஏன் ரெண்டு எண்டு எழுது, அதுதான் ஆய்வு எண்டா. மறுகா சிரிச்சிக்கிட்டுச் சென்னா, "பொருளியல் படிச்சது உன்ட ராத்தா. நீ இன்னும் படிக்கணும்."

வாப்பா, ஒண்டு செல்லணும், கோவிக்கப்படா. பதினாலாம் நம்பர் வீடு நம்மடதான். நாலு ஏக்கருக்கு முப்பது மூட எண்டு என்ட மூஞ்சிக்கு நேர சென்னீங்க. உம்மாட கணக்குல ஸகாத்து மட்டும் பத்து மூட. பெத்த மகனுக்கே எழுவது மூடய ஒளிச்சிரிக்கீங்க. பயப்படாதீங்க, பேர் எழுதல்ல, நம்பர்தான்.

நேத்து ரிசல்ட் வந்திச்சி. எத்தின மார்க்ஸ் எண்டு ஆரும் கேட்டா, ஏதோ பாஸாம் எண்டு செல்லுங்க. அபூசாலி காக்காக்கும் அதேதான். கசட்டுல நானும் செல்ல மாட்டன். நான் பாஸானா பள்ளிவாசல்ல ஒரு சஹன் சோறு குடுக்கிற எண்டு உம்மா நிய்யத்து வெச்சிருந்தீங்கதானே? ஆறு பேர் சுத்தி இருந்து திங்கிற சஹன். அத ஒண்டோட நிப்பாட்டாதீங்க உம்மா. எட்டுச் சஹன் போடுங்க.

மத்தத வாப்பா பத்தால பெருக்கிப் பாத்துக்கொள்ளுவார்.