உயிரோடு இருக்கிறார்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முதல் மாலை வந்தது. கொண்டுவந்தவர் என் சித்தப்பா மகன் செந்தூர்பாண்டி. சாமந்தியும் ரோஜாவும் கலந்து கட்டிய பெரிய மாலை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, என் காதருகே குனிந்து பைய கேட்டார்.

"எடுப்பு எத்தன மணிக்குவே?"

"யாருக்கு?"

"முத்துராணி அக்காவுக்குத்தான்."

"அக்கா சாகலவே. காணாமப் போயிருக்கா."

அவர் மாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பின்ன எதுக்குவே ஊர் பூரா போஸ்டர் ஒட்டியிருக்கீரு?"

ஒட்டியிருந்தேன். எழுதியதும் நான்தான்.

வண்ணார்பேட்டையில் ஒரு ப்ளக்ஸ் கடையில் வாசகம் எழுதுவது என் வேலை. காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி. கடையில் என்னைக் 'கவிஞரே' என்று கூப்பிடுவார்கள். அதில் கேலி எவ்வளவு என்று இருபது வருடமாக நான் ஆராயவில்லை. என் வாசகர்கள் பெரும்பாலும் ஆண்கள். சுவரைப் பார்த்து நின்று, வந்த வேலை முடியும்வரை வாசிப்பார்கள். முடிந்ததும் போய்விடுவார்கள். எந்த எழுத்தாளனுக்கும் இவ்வளவு நெருக்கமான வாசகர்கள் கிடைத்ததில்லை.

அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. அத்தான் போன பிறகு எங்களோடு கொக்கிரகுளத்தில் இருக்கிறாள். ஒரு வருடமாக ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது. முதலில் அடுப்பை அணைப்பது மறந்தது. பிறகு தெரு. பிறகு என் மனைவி சுப்ரஜாவின் பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுப்ரஜா பால் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கதவு திறந்து கிடந்தது. அக்கா இல்லை.

எங்கள் வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே இரண்டே தெரு. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் மட்டும் படித்துறை படித்துறையாக நடந்தேன். கரையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துவிட்டு வந்ததாக சுப்ரஜாவிடம் சொன்னேன். நான் பார்த்தது தண்ணீரை.

போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு, திங்கள் மதியம் போஸ்டர் போட உட்கார்ந்தோம். கடையில் டிசைன் செய்வது அஸீலா. அவசரத்தில் முந்தின நாள் முடித்த அஞ்சலி போஸ்டரைத் திறந்து, படத்தை மாற்றினாள். குத்துவிளக்கை அழித்தாள். சுற்றியிருந்த பூவை மறந்துவிட்டாள். மீதியை நான் கெடுத்தேன்.

'எங்கே சென்றாய் எங்கள் குலவிளக்கே
ஏங்கித் தவிக்கும் சொந்தங்கள் இங்கே'

கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் என் கைக்கு வருவது இதுதான். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், 'காணவில்லை'யும் என் ஃபோன் நம்பரும்.

எங்கள் ஊர்ச் சுவரில் அறுபது வயதுப் பெண்ணின் முகம், அவள் தேர்தலில் நிற்காத பட்சத்தில், ஒரே காரணத்துக்குத்தான் வரும். கூடவே எதுகையோடு இரண்டு வரியும் இருந்தால் சந்தேகமே கிடையாது. இருநூறு சுவர்களில் அக்காவை நானே சாகடித்திருந்தேன். வாட்ஸ்அப்பில் அறுபத்து மூன்று பேர் கைகூப்பியிருந்தார்கள். பார்த்தேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. செத்தவளை எவன் தேடுவான்?

செந்தூர்பாண்டிக்கு மாலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. "இங்கனயே இருக்கட்டும்வே, எப்படியும்..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். சுப்ரஜா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் கடைக்கு ஓடினேன். புது போஸ்டர் வேண்டும். அஸீலா பூவையெல்லாம் அழித்துவிட்டு, வெள்ளைத் திரையில் என் வாசகத்துக்காகக் காத்திருந்தாள். 'பாசத்தின் பிறப்பிடம்' என்று எழுதி அடித்தேன். 'கனிவே உருவான' என்று எழுதி அடித்தேன்.

"அண்ணே, கோவிச்சுக்கிடாதிய. இத வச்சு யாரத் தேடுறது? எங்க உம்மாவும் கனிவாத்தான் இருப்பாவ" என்றாள் அஸீலா.

எனக்கு அழுகை வந்தது. டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். மூன்றாவது நாள். எங்கேயாவது வெயிலில் விழுந்து கிடந்தால்கூட இந்நேரம்... மேலே யோசிக்க முடியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அக்கா சாகக் கிடக்கும் நேரத்திலும் எனக்குள் இருந்த கழுதை 'கிடக்கும்' என்ற சொல்லுக்கு எதுகை தேடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஒரு பெண் ஃபோனில் கத்திக்கொண்டிருந்தாள்.

"எங்கன நிக்கேனா? கண்ண நல்லாத் தொறந்து பாரும். மஞ்சச் சேல. கையில செவப்பு வாளி. வாளிக்குள்ள கோழிக்குஞ்சு. பழக்கடைக்கு முன்னால நிக்கேன். இன்னும் தெரியலையா? அந்தா, இப்ப கையத் தூக்குதேன் பாரும்!"

கையைத் தூக்கினாள். சாலைக்கு அந்தப் பக்கம் பைக்கில் நின்றிருந்தவன் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான். அவ்வளவுதான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, வாளியை மடியில் வைத்துக்கொண்டு, அவன் முதுகில் ஒரு குத்து விட்டாள். கோழிக்குஞ்சுகளோடு போய்விட்டாள்.

மூச்சு வாங்க சுப்ரஜாவுக்கு ஃபோன் செய்தேன். "அக்கா என்ன கலர் சேல கட்டியிருந்தா?"

"நான் பால் வாங்கப் போகையில படுத்திருந்தாவ. வெளிச்சம் இல்ல. வீட்டுல நீங்கதான இருந்திய. பாக்கலையா?"

பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று போர்த்திக்கொண்டு தூங்கினேன். அதற்கு முந்தின நாள் என்ன சேலை கட்டியிருந்தாள் என்றும் தெரியவில்லை. அதற்கும் முந்தின நாளும். குலவிளக்கே என்று ஏன் எழுதினேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதை எழுதுவதற்கு ஆளைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் தெருவுக்கு ஓடி, வீடு வீடாகக் கேட்டேன். தெருமுனையில் பூக்கட்டும் இசக்கியம்மா, நான் கேட்டு முடிப்பதற்குள் ஆரம்பித்தாள்.

"ஊதாச் சேல. முந்தியில ஊக்கு குத்தியிருந்தா. எப்பவும் போல பூவை வாங்கல, மோந்து பாத்துட்டு வச்சிட்டா. 'சாப்ட்டியா'ன்னு கேட்டா. காலு ரெண்டுலயும் வேற வேற செருப்பு."

"வேற வேறன்னா?"

"ஒண்ணு அவ செருப்பு. இன்னொண்ணு பெருசு, ஆம்பளச் செருப்பு. டப்பு டப்புன்னு போனா. கோயிலுக்குப் போறாளாக்கும்னு நான் விட்டுட்டேன். நீரு ரெண்டு நாளா போஸ்டர்தான் ஒட்டுதீரே தவிர, எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டீரா?"

ஞாயிற்றுக்கிழமை காலை, அக்காவைத் தேடிக் கிளம்பும்போது, என் வலது கால் செருப்பைக் காணாமல் தெருநாயைத் திட்டிய சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். இசக்கியம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

கடைக்குத் திரும்பி, ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அஸீலா அடித்தாள்.

'காணவில்லை. ஊதாச் சேலை. முந்தியில் ஊக்கு. இடது காலில் பெண்கள் செருப்பு, வலது காலில் ஆண்கள் செருப்பு. நடக்கும்போது சத்தம் கேட்கும். பூவைக் கண்டால் மோந்து பார்ப்பார், வாங்க மாட்டார். யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்பார். அவர் சாப்பிட்டு மூன்று நாள் ஆகியிருக்கலாம்.'

"அப்புறம் அண்ணே?"

"உயிரோடு இருக்கிறார்னு பெருசாப் போடு."

அஸீலாவின் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அது எனக்குத் தெரியாது என்று அவளுக்கும் தெரியும். இருபது வருடத்தில் நான் எழுதிய பொய்களிலேயே, நிஜமாகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான்.

"போடும்மா" என்றேன்.

அவள் சிவப்பில் போட்டாள். சாயங்காலத்துக்குள் பழைய போஸ்டர் ஒவ்வொன்றின்மீதும் புதியதை ஒட்டினோம். செந்தூர்பாண்டியும் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்.

புதன்கிழமை காலை ஏழரைக்கு ஃபோன் வந்தது.

"அண்ணாச்சி, எம் பேரு பெருமாள்ராஜ். பேட்டையில லேத் பட்டறை வச்சிருக்கேன். ஊதாச் சேல கட்டுன ஒரு அம்மா ரெண்டு நாளா எங்க பட்டறைத் தாவாரத்துலதான் இருக்காவ. எம் பொண்டாட்டி மொத போஸ்டரப் பாத்துட்டு, இவியளாத்தான் இருக்கும்னு சொன்னா. 'செத்தவிய எப்படிட்டி இங்க வந்து இட்லி திம்பாவ'ன்னு நாந்தான் வைதேன். மன்னிச்சுக்கிடுங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டியது நான். பட்டறைக்கு வழி மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஊரின் மறுகோடியில் இருக்கும் பேட்டைக்குப் போய் இறங்கியபோது பட்டறையில் இரும்பு கடைகிற சத்தம் காதைக் கிழித்தது. தாழ்வாரத்தில், இரும்புத் துருவல் மூட்டைகளுக்கு நடுவே அக்கா உட்கார்ந்திருந்தாள். காலில் யாரோ மருந்து போட்டு, துணி சுற்றியிருந்தார்கள். பெருமாள்ராஜ் என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"ஏக்கா" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் எதுவும் அசையவில்லை.

"காந்தி வந்திருக்கேங்க்கா. காந்திமதிநாதன். வீட்டுக்குப் போவோம் வா." கையைப் பிடித்தேன். உதறிக்கொண்டு மூட்டையோடு ஒட்டிக்கொண்டாள். மறுபடி பிடித்தேன். கத்திவிட்டாள். எதிர்ப் பட்டறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

கையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். மூன்று நாள் தேடியதெல்லாம் சேர்ந்து வந்து, மூக்கு ஒழுக அழுதேன். அழகான அழுகை இல்லை.

அக்காதான் முதலில் கேட்டாள்.

"யாரத் தேடுதிய?"

"எங்க அக்காவ."

"எப்படி இருப்பா? சொல்லுங்க, பாத்தா சொல்லுதேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "நான் கைப்பிள்ளையா இருக்கையில, அம்மா வயக்காட்டுக்குப் போயிருவா. அக்கா என்னய இடுப்புல தூக்கிட்டே பள்ளிக்கூடம் போவா. நான் அழுவேன். டீச்சர் வெளிய போகச் சொல்லிரும். அக்கா சன்னலுக்கு வெளிய நின்னே பாடம் படிப்பா."

"படிச்சு முடிச்சாளா?"

"இல்ல. அஞ்சாப்போட நின்னுட்டா."

"நீங்க?"

"நான் முடிச்சேன்."

அக்கா யோசித்தாள். "அந்தக் கோவத்துல போயிருப்பா" என்றாள்.

"இருக்கும்" என்றேன்.

"பொட்டப்பிள்ள, பாவம், எங்கன நிக்காளோ." சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எந்திரிங்க. ஒத்தையில தேடாண்டாம். நானும் வாரேன்."

தன் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை உதறவில்லை. வாசலில் நின்றிருந்த பெருமாள்ராஜிடம் போய், "எய்யா, இவிய அக்காவக் காணுமாம். நீ எங்கயும் பாத்தியா?" என்று கேட்டாள்.

பெருமாள்ராஜ் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த எண்ணெயை வேட்டியில் துடைத்தார்.

"இந்தப் பக்கம் வரலம்மா" என்றார். "கொக்கிரகுளத்துல பாத்ததா ஆளுங்க பேசிக்கிட்டாவ. அங்கன போய்க் கேளுங்க."

"கேட்டியளா?" என்று அக்கா என்னை இழுத்தாள். "வேகமா வாங்க, பஸ்ஸு வருது."