ஒன்பதாவது கோரிக்கை

திங்கட்கிழமை என்றால் ஏசுபாதத்துக்குச் செங்கல்பட்டு. படாளம் கூட்டுரோட்டில் ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிப்பார். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிற வரிசையில் நின்று, சீட்டு வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார். நாலு வருஷமாக இதே வேலை. படித்தது மூன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவார், அதோடு சரி. ஆனால் அந்தத் தெருவில் ஆபீஸ் படி ஏற அஞ்சாத ஆள் அவர் ஒருத்தர்தான்.

அவருக்கு எவன்மேலும் நம்பிக்கை கிடையாது. வேறு ஒருத்தனை அனுப்பினால் அங்கே டீயைக் குடித்துப் பல்லை இளித்துவிட்டு வந்துவிடுவான் என்பது அவர் கணிப்பு. அதனால் யார் எதை நீட்டினாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். பார்வதத்துக்கு வீட்டுமனைப் பட்டா. கலைவாணன் வீட்டெதிரே சாக்கடை. தெருவிளக்கு, ரேஷன் கடை, அடிபம்பு, நின்றுபோன டவுன் பஸ். ஒன்று முடிந்தால் அந்த இடத்தில் புதிதாக ஒன்று வந்து உட்காரும். எப்போது எண்ணினாலும் ஒன்பது. ஒன்பதுக்கும் ஒன்பது தாள் எதற்கு என்று ஒரே தாளில் வரிசையாக எழுத வைப்பார். தன்னுடையதை ஒன்பதாவதாகப் போடுவார். ஊருக்குப் பேசப்போகிறவன் தன் சங்கதியை முன்னால் வைத்தால் நன்றாகவா இருக்கும்?

ஒன்பதாவது, பாலம்.

கல்லறைத் தோட்டத்துக்கும் அதை ஒட்டிய சுடுகாட்டுக்கும் போகிற வழியில் ஏரித் தண்ணீர் வழிந்தோடும் வாய்க்கால் குறுக்கே கிடக்கிறது. கோடையில் செருப்போடு தாண்டலாம். ஐப்பசியில் இடுப்பளவு தண்ணீர். போன ஐப்பசியில் அவர் மனைவி சந்திரம்மாவின் அக்காவை அந்த வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். முன்னால் பிடித்தவனுக்குக் கால் வழுக்கிவிட்டது. பெட்டி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். எட்டு ஆம்பிளைகள் சேற்றைத் துழாவியதைச் சந்திரம்மா கரையில் நின்று பார்த்தாள். அவளுக்கே இதயம் பலகீனம். டாக்டர் நாள் குறிக்கவில்லையே தவிர மற்றதெல்லாம் சொல்லிவிட்டார்.

ஆனி மாதம் ஒரு நாள் மருமகள் ஜெனிட்டா செல்போனைப் பார்த்து, மாமா, உங்க மனுமேல நடவடிக்கை எடுத்து முடிச்சுவெச்சிட்டாங்களாம் என்றாள். அவர் நம்பவில்லை. போனை வாங்கிக்கொண்டு போய்க் கலைவாணனிடம் நீட்டினார். அவனும் அதையேதான் படித்தான். என்னத்தை முடித்தார்கள் என்று தெருமுனை வரை போய்ப் பார்த்தார். கம்பத்தில் புதிதாக ஒரு பல்பு, பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது.

இது மூன்றாம் தடவை. முதல் தடவை அடிபம்புக்குக் கைப்பிடி போட்டு மனுவை முடித்தார்கள். அடுத்த தடவை சாக்கடையில் நாலு கூடை மண் அள்ளி முடித்தார்கள். அப்போதெல்லாம் தெருவே அவரை மெச்சியது, அவரும் தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடந்தார். இப்போதுதான் உறைத்தது. ஒன்பது கேட்டால், எது சுலபமோ அதைச் செய்துவிட்டு மொத்தத்தையும் மூடிவிடுகிறான் ஆபீஸ்காரன். அவனை மட்டும் சொல்லிப் பயன் இல்லை. இதில் உனக்குத் தோதானதை எடுத்துக்கொள் என்று தாளை நீட்டியது யார்?

சந்திரம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“உன் லிஸ்ட்டு ஓயறதுக்குள்ள நான் ஓஞ்சிடுவேன்யா. என்னத் தண்ணியில போட்றாத.”

ஏசுபாதம் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் வீடு வீடாகப் போய், அவரவர் தந்த காகிதங்களை அவரவர் கையில் திருப்பிக் கொடுத்தார். இனிமேல் பாலம் ஒன்றுதான், வேறு எதையும் தூக்க மாட்டேன் என்றார். கலைவாணன், கட்சிக்காரனை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று முறுக்கிக்கொண்டான். தாராளமாகப் பார் என்றார். பார்வதம் விடவில்லை, நடுத்தெருவுக்கு வந்து நின்றாள்.

“உன் பொண்டாட்டி போறதுக்குப் பாலம் வோணும். எங்க சங்கதியெல்லாம் கிள்ளுக்கீரையா அண்ணாத்த?”

“ஆமா, என் பொண்டாட்டிக்கித்தான் கேக்கறேன். நீ சாவவே மாட்டியா? உன்ன எந்த வழியா தூக்கினு போவாங்க?”

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

மனு எழுதுவது பட்டாபிராமன். ரிட்டயர்டு குமாஸ்தா, செங்கல்பட்டில் ஜெராக்ஸ் கடை வாசலில் மேசை போட்டிருக்கிறார். ஒரே வரி எழுதச் சொன்னதும் அவருக்குக் கை வரவில்லை.

“கீழ இவ்வளவு எடம் காலியா இருக்கே ஏசுபாதம். பட்டாவையாவது சேத்துக்கலாமே?”

“காலியாவே கெடக்கட்டும் ஐயரே. அத்த ரொப்பி ரொப்பித்தான் இத்தினி வருசம் கெட்டேன்.”

எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம் ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடமும் ஒரு தடவை படிக்கச் சொன்னார். பட்டாபிராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆறு திங்கட்கிழமை, ஆறு தாள், ஒரே வரி. மனு வாங்கும் மேசையில் இருந்தவர் தாளைப் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பார். வேறு என்ன என்பார். வேறு ஒன்றுமில்லை என்பார் இவர். பல்பு மாட்டி முடிக்க முடியாது, மண் அள்ளி முடிக்க முடியாது. முடித்துவைக்கப்பட்டது என்று போனில் ஒன்றும் வரவில்லை.

ஆவணியில் என்ஜினியர் ஒருவர் பைக்கில் வந்தார். வாய்க்கால் கரையில் ஷூ நனையாமல் நின்றார். தெருவே கூடிவிட்டது. சந்திரம்மாவும் மூச்சு வாங்க வந்து, யாரோ கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாலம் இப்போதைக்கு ஆகாது என்றார் என்ஜினியர். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் உயரமான கம்பம் நட்டுப் பெரிய விளக்கு போட்டுத் தரலாம், இந்த மாதமே ஆகிவிடும், சம்மதம் என்று ஒரு கையெழுத்து போதும் என்றார்.

பார்வதம் ஏசுபாதத்தின் காதோரம் வந்தாள். “பெரிய லைட்டு அண்ணாத்த. நம்ம தெரு வரிக்கும் வெளிச்சம் வரும்.”

நாலு வருஷப் பழக்கம். கை பேனாவை வாங்கிவிட்டது. கையெழுத்துப் போட்டால் மறுபடி தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடக்கலாம். சந்திரம்மா அவரைப் பார்க்கவில்லை. வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனாவை மூடித் திருப்பி நீட்டினார்.

“பொணத்துக்கு இன்னாத்துக்கு சார் லைட்டு? பேப்பரா படிக்கப்போவுது? நான் கேட்டது பாலம். பாலம் போடு. இல்ல, போட முடியாதுன்னு எழுதிக் குடு.”

முடியாது என்று எழுதிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? என்ஜினியர் பைக்கிலிருந்து அளக்கும் டேப்பை எடுத்தார். மறுமுனையை யாராவது பிடியுங்கள் என்றதும் நாலு பேர் முன்னால் வந்தார்கள். ஏசுபாதம் ஒருத்தரையும் விடவில்லை. தாமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் பிடித்தார்.

புரட்டாசியில் பாலத்துக்கு அடியில் பதிக்க நாலு பெரிய சிமெண்டுக் குழாய்கள் லாரியில் வந்து கரையில் இறங்கின. தெருவில் ஒரே சிரிப்பும் பேச்சும். இந்த வாரம் நீங்க போகவே வேண்டாம் மாமா என்றாள் ஜெனிட்டா.

“கொழா வந்துகீது. பாலம் வரல.”

திங்கட்கிழமை கூட்டுரோட்டில் பார்வதம் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு தாள், பட்டாவுக்கு மட்டும். பழக்கதோஷத்தில் அதை அவர் பக்கம் நீட்டினாள். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நீயே குடு, வேண்டுமானால் வரிசையில் என் பின்னால் நில் என்றார். அவள் முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

மேசையில் இருந்தவருக்கு இப்போது இவர் முகம் நன்றாகப் பழகிவிட்டது.

“குழாய்தான் வந்துடுச்சே பெரியவரே. இன்னைக்கு என்ன கொண்டாந்தீங்க?”

ஏசுபாதம் அதே ஒரு வரித் தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

“அதேதான் சார். ஐப்பசிக்கு இன்னும் இருவத்திமூணு நாளு கீது.”