காலியாகத் திரும்பக்கூடாத டிபன் டப்பா

1988-ல் என் மகன் சோலைராஜுக்கு மூன்றரை வயது. அவன் வாயைத் திறக்க வைப்பதை விட, செண்பகத்தோப்பு மலையை அடிவாரத்தோடு பெயர்த்து பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து வைப்பது சுலபம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் ஜெயபாய் டீச்சர் நடத்திய மழலையர் பள்ளியில் அவனைச் சேர்த்திருந்தேன். எனக்கு ராஜபாளையம் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. எட்டு மணிக்கு டூட்டி. வேலை நிரந்தரமாக இன்னும் ஏழு மாதம் இருந்தது. வீட்டுக்காரர் வைகுண்டராஜ் கண்டக்டர். எந்த ஊரில் எந்த வேளை இருப்பார் என்பது அவருக்கே டிக்கெட் கிழித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஜெயபாய் டீச்சருக்குச் சாப்பாட்டு விஷயத்தில் ராணுவச் சட்டம். பிஸ்கட் கூடாது, பன் கூடாது, கடைப் பண்டம் எதுவும் கூடாது. பால்கோவா மணக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு பால்கோவாவும் கூடாது! பயறு வேண்டும், கீரை வேண்டும், காய் வேண்டும். எல்லாவற்றையும் விட, பிள்ளை அதைச் சாப்பிட வேண்டும்.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன் பரிபூரணம். பட்டினி கெடக்குத பிள்ளைய வச்சுக்கிட்டு என்னால மாரடிக்க ஏலாது. சாப்பிடலைன்னா அடுத்த வருசம் கூட்டியா" என்றார்.

அடுத்த வருசம் என்றால் பிள்ளையோடு நான் வீட்டில். வேலை போச்சு.

காலையில் எனக்குக் கிடைப்பது பதினோரு நிமிடம். அதற்குள் இட்லி மாவில் கேரட்டைத் துருவிப் போடுவேன், ராத்திரியே ஊறப்போட்ட பாசிப்பயறைத் தாளிப்பேன், பிள்ளைக்குச் சட்டை மாட்டுவேன், ஓடுவேன். டப்பா போனபடியே திரும்பி வரும். சில நாள் போனதைவிடக் கனமாக வந்தது என்று கூடச் சொல்வேன்.

பதினோராம் நாள் சாயங்காலம் டப்பா காலியாக வந்தது! நான் சந்தோஷத்தில் குதித்த குதியில் அடுத்த வீட்டு ஓடு நாலு சரிந்தது. அப்புறம்தான் மூடியைப் பார்த்தேன். அதில் வெட்டியிருந்த பேர், முத்துப்பேச்சி.

ஊரில் பாதிப் பேர் ஆடிப்பூரத் தேர்க் கடையில் வாங்கிய ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பா. பள்ளிக்கூடத்து ஆயா வேலுத்தாய்க்கு எழுத்துத் தெரியாது. வன்னியம்பட்டி முத்துப்பேச்சியின் மகள் டப்பாவை என் மகனுக்கும், அவன் டப்பாவை அவளுக்கும் கொடுத்துவிட்டாள். இரண்டும் வழித்துச் சாப்பிட்டிருக்கின்றன.

அடுத்த வீட்டுப் பாத்திரத்தை எங்கள் பக்கம் வெறுமையாகத் திருப்ப மாட்டோம். ஒரு பிடி அரிசியாவது, ஒரு பூவாவது போட்டுத்தான் கொடுப்போம். அதனால் மறுநாள் முத்துப்பேச்சியின் டப்பாவில் முருங்கைக்கீரை அடையும் எள்ளுருண்டையும் வைத்து அனுப்பினேன். அவளும் நம் ஜாதிதான், அதாவது காலியாகத் திருப்பாத ஜாதி. என் டப்பாவில் கேழ்வரகுப் புட்டு வந்தது, தேங்காய்ப்பூவும் கருப்பட்டியும் போட்டு.

இரண்டும் திரும்பவும் வழித்துச் சாப்பிட்டன. வேலுத்தாய் கெட்டிக்காரி. பிள்ளைகள் சாப்பிடுகிறதைப் பார்த்து, தினமும் தானாகவே மாற்றிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். நான் மாட்டிக்கொண்டேன்.

சொந்தப் பிள்ளைக்கு என்றால் ஒரு நாள் உப்பு குறையலாம், ஒரு நாள் வெறும் இட்லி போகலாம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போகிற சாப்பாட்டை அப்படி அனுப்ப முடியுமா? அவள் குதிரைவாலிப் பொங்கல் கொடுத்தால் நான் தினைப் பணியாரம். நான் பீட்ரூட் சப்பாத்தி அனுப்பினால் அவள் உளுந்தங்களியை நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நிலக்கடலை. முகமே தெரியாத ஒருத்தி என்னைக் கரண்டியால் விரட்டினாள். பதினோரு நிமிட வேலை மூன்று மணி நேரமானது. கோழியை நான் போய் எழுப்பினேன். எக்சேஞ்சில் தூக்கக் கலக்கத்தில் சேத்தூர் நெல் வியாபாரியின் லைனை சிவகாசிக் கல்யாண வீட்டோடு கோர்த்துவிட்டேன். அவர் முகூர்த்த நேரம் குறித்துக்கொண்டுதான் போனை வைத்தார். சூப்பர்வைசர் மொக்கைச்சாமி என் பேரை நோட்டில் எழுதினார்.

நிறுத்தினால் பிள்ளை பட்டினி, வேலை போகும். நிறுத்தாவிட்டால் தூங்கி வழிந்தே வேலை போகும்.

இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி என் எதிரே வந்து நின்றாள். தலைமுடியெல்லாம் மில் பஞ்சு.

"ஏட்டி, நீதான் பரிபூரணமா?"

"ஆமா. நீ?"

"முத்துப்பேச்சி. ஒன்னையக் கொல்லணும்னு மூணு வாரமாத் தேடுதேன். எதுக்குட்டி அந்தத் தினைப் பணியாரத்த அனுப்புன? அதுக்கு ஈடு செய்யதுக்குள்ள என் உசுரு பாதி போயிட்டு. வைண்டிங் மிசின்ல நின்னுக்கிட்டே தூங்குதேன்!"

"உளுந்தங்களி தலையில கடலை வச்சது யாரு?"

"நீ பீட்ரூட்டு வச்சேல்லா!"

அப்படியே சண்டை போட்டு இரண்டு பஸ்ஸை விட்டோம். மூன்றாவது பஸ் வருவதற்குள் உடன்படிக்கை முடிந்தது. நாளை முதல் அவரவர் சமையல் அவரவர் பிள்ளைக்கு. வேலுத்தாயிடம் சொல்லி மாற்றுவதை நிறுத்திவிட வேண்டியது.

அன்று நான் தூங்கிய தூக்கத்தில் கும்பகர்ணன் எனக்குக் கால் அமுக்கியிருக்கலாம். விழித்தால் ஆறே முக்கால். பழைய சோற்றைப் பிசைந்து, தயிரை ஊற்றி, வெள்ளரிக்காய் நாலு துண்டு நறுக்கிப் போட்டு ஓடினேன்.

மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு என் போர்டில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு டிரங்க் கால். எடுத்தால் ஜெயபாய் டீச்சர், பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள மருந்துக்கடையிலிருந்து.

"பரிபூரணம், இன்னைக்கு முப்பது. ரெண்டும் வாயத் தொறக்க மாட்டேங்குதுக. ஒம் மவன் டப்பாவ வேலுத்தாய் மேல எறிஞ்சிட்டான். நல்லவேள, மூடி இருந்துச்சு. நான் என்ன செய்ய? பேரை எடுத்திரட்டா?"

பின்னால் மொக்கைச்சாமி நிற்கிறார். டிரங்க் காலுக்கு உள்ள மூன்று நிமிடம் முடியப் போகிறது. மாற்றிக் கொடுக்கச் சொன்னால், முகம் தெரிந்துவிட்ட ஒருத்தியின் மகளுக்கு என் பழைய சோறு போகும். அதோடு நாளை முதல் மறுபடியும் அதே அடுப்படி, அதே ஜெயில். சொல்லாவிட்டால் என் ஹெட்போன் வேறொருத்தி தலைக்குப் போகும்.

"மாத்திக் குடுங்க டீச்சர்" என்றேன்.

"வேலுத்தாயி, மாத்திக் குடுட்டி!" என்று டீச்சர் தெருவைத் தாண்டிக் கத்தியது ராஜபாளையம் முழுக்கக் கேட்டது, போன் இல்லாமலே.

காத்திருந்தேன். மூன்று நிமிடம் ஆனதும் நானே நீட்டிக்கொண்டேன். அப்புறம் செருப்புச் சத்தம், வேலுத்தாயின் மூச்சு வாங்கல்.

"டீச்சர், திங்குதுவ! ரெண்டும் திங்குதுவ!"

"கேட்டியா பரிபூரணம்? ஒம் மவன் இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

அடுத்த நொடி மில்லுக்கு லைன் போட்டேன். டைம் ஆபீசில் முத்துப்பேச்சியைக் கூப்பிட்டுத் தந்தார்கள்.

"ஏட்டி, மாத்தச் சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! நான் வெறும் எலுமிச்சஞ் சோறுல்லா குடுத்து விட்டேன்! மானமே போச்சே!"

"ஒம் மவ தின்னது என் பழைய சோறு."

மில் இரைச்சலுக்கு மேலே அவள் குரலை உயர்த்தினாள்.

"தின்னுட்டாளா?"

"வழிச்சு."

"அப்பம் நாளைலேருந்து ரெண்டு பேரும் எலுமிச்சஞ் சோறு, தயிருசோறு, அம்புட்டுத்தான். ஒரு சுண்டல், ஒரு காய். சத்தியம் பண்ணு."

"சத்தியம்."

"என் மவ மேல சத்தியம்" என்றாள் அவளும்.

மறுநாள் சாயங்காலம் சோலைராஜ் கொண்டுவந்த டப்பாவைத் திறந்தேன். மிஞ்சிய எலுமிச்சஞ் சோற்றுப் பருக்கைகளோடு முருங்கைப்பூப் பொரியல் ஒட்டியிருந்தது, கூடவே ஐந்து வகைப் பயறு. சத்தியத்தைக் காற்றில் விட்ட சண்டாளி!

நான் அனுப்பிய தயிர்ச்சோற்றில் மாதுளம் முத்தை எண்ணி அறுபது வைத்திருந்தேன் என்பது வேறு விஷயம்.