தொடாமல் போன குண்டு

எங்கள் ஊரில் ஓட்டை முதலில் வந்துவிடும். குண்டு பின்னால்தான் வரும். சாக வேண்டிய காட்டுப்பன்றி விலாவில் ஓட்டையோடு சில நாள் மேயும். அதன் வழியே அந்தப் பக்கத்துப் புல் தெரியும். வேட்டைக்காரர் அந்த அளவைக் குச்சியில் குறித்துக்கொண்டு என் கடைக்கு வருவார். நான் பொருத்தமான துப்பாக்கியைத் தருவேன். குண்டு பெரிதானால் உள்ளே போகாது. சிறிதானால் ஓரத்தைத் தொடாமல் போய்விடும், ஓட்டையும் தூர்ந்துவிடும். இவ்வளவுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை டப்பா சுட்டு விளையாடுகிறவர்கள்தான் என் உயிரை வாங்குவார்கள். டப்பாவில் இருப்பது பட்டாணி அளவு ஓட்டை. இவர்களுக்கு யானைத் துப்பாக்கி வேண்டுமாம்.

ஒரு மத்தியானம் பூங்காவனம் வந்தாள். அவள் புருஷன் ஏகாம்பரம் பஸ் டிரைவர். குச்சிக்குப் பதில் அவனையே கூட்டிவந்திருந்தாள். அவன் சட்டையைத் தூக்கினான். மார்பின் வழியே வாசலில் நின்ற என் சைக்கிள் தெரிந்தது.

“காலையில குளிக்கறப்பதான் பார்த்தாராம்” என்றாள்.

அளந்தேன். பன்றிக்கு ஆகிற அளவு.

“இதைவிடச் சின்னதா குடுங்கண்ணே. வேற யாராவது சரியான அளவுல சுடறதுக்குள்ள நானே சுட்டுடறேன்.”

“கை ஆடுனா ஓரத்துல பட்டுடும்மா.”

“ஆடாது.”

முயலுக்கானதைக் கொடுத்தேன். கடைக்குப் பின்னால் அவனை நிறுத்தினோம். “மூச்சு விட்டுடாதப்பா, ஓட்டை சுருங்கிடும்” என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் சுட்டாள்.

“சில்லுனு இருந்துச்சு” என்றான்.

சாயங்காலத்துக்குள் ஓட்டை தூர்ந்துவிட்டது. பூங்காவனம் அழுது தீர்த்தாள். எனக்கும் கண் கலங்கியது.

எதையும் தொடாத குண்டு எங்கே போய் விழும்? அது இன்னும் மார்பு உயரத்தில், நடக்கிற வேகத்தில், தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருக்கிறது. எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுகிறோம். நேற்று ஏகாம்பரம் வீட்டு ஜன்னலருகே வெகுநேரம் நின்றதாம். பூங்காவனம் கதவைச் சாத்திக்கொண்டு அவன்மேல் சாய்ந்தபடியே இருந்தாளாம்.

இன்று அது கடைக்குள் வந்து என் எதிரே நின்றது.

“அந்த வீட்டுப் பக்கம் இனிமே போகாதே” என்றேன். “உன்னை வித்தது நான்.”

அது நகரவில்லை. சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். பேனாவால் என் மார்பில் முயல் குண்டு அளவுக்கு ஒரு வட்டம் போட்டேன். அது கிட்டே வந்து பார்த்தது.

“சரியா இருக்கா?” என்றேன்.