நாலாவது சீர்

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடத்தில் பிறந்தது. 'நான் தைத்துக்கொண்டிருந்தேன்' என்று தொடங்கி, அடித்துவிட்டேன். 'நான்' என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

பள்ளியை விட்டுவிட்ட அக்கா, தையல் மிஷினில் ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். தங்கை பாடப்புத்தகத்தோடு தரையில் கிடந்தாள். மழையைப் போற்றும் பாட்டு. மறுநாள் வகுப்பே அதை ஒப்பித்து, யாப்பும் சொல்ல வேண்டும்.

வானே மழையே வருகவே வந்திங்கே
தேனே கதவைத் தொடு.

"எதுகை எது அக்கா?"

"ரெண்டாம் எழுத்தைப் பாருடி. வானே, தேனே."

"மோனை?"

"வானே, வருகவே, வந்திங்கே. மூணு வ."

"கடைசி அடியில ஒரு சீரைக் காணோம். அச்சடிச்சவன் தின்னுட்டானா?"

"குறள் வெண்பான்னா அப்படித்தான். மேல நாலு, கீழ மூணு. நாலாவது இடம் சும்மா கிடக்கும்."

சும்மா கிடக்கவில்லை. தங்கை முதல் ஈரடியை உரக்கச் சொல்லி முடித்ததும், சரியாக அந்த இடத்தில், வெளிக் கேட்டில் விரல் பட்ட ஓசை. (இங்கே 'காற்றாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தேன். காற்றே இல்லை. வெயில் கொளுத்தியது.)

2

பாட்டில் மூன்று ஈரடிகள்; மூன்றும் இதே அடியில் முடியும். போற்றுவதற்காகத் திரும்ப வருகிறது என்கிறது புத்தகம். அக்காவுக்கு அப்படிப் படவில்லை. போற்றுகிறவர்கள் ஒருமுறை சொன்னால் போதும். திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள் கூப்பிடுகிறார்கள்.

தங்கை இரண்டாவதையும் முடித்தாள்: தேனே கதவைத் தொடு.

இந்த முறை வாசற்கதவில். கதவின் அடியிலிருந்து ஈரம் உள்ளே ஊர்ந்தது. அக்கா இடுக்கு வழியே பார்த்தபோது, வெளியே நின்றது ஒரு

(வேண்டாம். இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

"யாருக்கா?"

"யாருமில்ல. மூணாவதைச் சொல்லாதடி."

"சொல்லலைன்னா டீச்சர் வெளியில நிக்க வைப்பாங்க. உனக்கென்ன, நீ தப்பிச்சிட்ட."

3

ஒரு முடிவு: அக்கா தங்கையின் வாயைப் பொத்துகிறாள். நாளைக்கு வகுப்பே ஒப்பிக்குமே, எத்தனை வாயைப் பொத்துவாள்? அடித்துவிட்டேன்.

இன்னொரு முடிவு: காலி இடத்தில் ஒரு சொல்லை வைத்து அடைத்துவிடுவது. யாப்பு கெடும், மதிப்பெண் போகும். ஆனால் வருவதற்கு வழி இருக்காது. எந்தச் சொல் என்று அக்கா யோசிப்பதற்குள் தங்கை வாயைத் திறந்துவிட்டாள்.

இனி இருப்பது இந்த அறையின் கதவு மட்டும்.

அந்த அடியை நீங்களும் இரண்டு முறை படித்துவிட்டீர்கள். மன்னியுங்கள், வேறு வழியில்லை. எனக்குச் சொல் கிடைக்கவில்லை. நாலாவது இடத்தை உங்களுக்கு விட்டிருக்கிறேன். எதையாவது வையுங்கள். சீக்கிரம்.

தேனே கதவைத் தொடு ..........