அருவி குடித்த எழுத்து

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று, வாயில் மிச்சமிருக்கும் பதினொரு பற்களின் மேல் சத்தியம் செய்கிறேன். போன மாதம்வரை பன்னிரண்டு. பன்னிரண்டாவதைப் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில்தான் இந்தக் கதை கிடைத்தது. மரத்துப்போக ஊசி போட்டு வெளியே உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் பேச ஆரம்பித்தார். நாக்கு கட்டையாகிக் கிடந்ததால் என்னால் குறுக்கே ஒரு வார்த்தை போட முடியவில்லை. என் வாழ்நாளில் நான் முழுதாகக் கேட்ட ஒரே கதை இதுதான்.

2

முதல் வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்: 'நகரத்தின் நட்டநடு நெஞ்சில், வெள்ளிச் சரிகையை உதறிப் போட்டதுபோல அந்த அருவி—'

வேண்டாம். சரிகைக்கு இரைச்சல் கிடையாது. நமக்கு இரைச்சல்தான் முக்கியம்.

ஆளிலிருந்து தொடங்குகிறேன். பக்கத்து நாற்காலிக்காரர் குடிநீர் வாரியத்தில் கசிவு கேட்பவர். ஆளுயர இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சாலையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, மண்ணுக்குள் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று சொல்ல வேண்டும். அவர் கைகாட்டிய இடத்தில் தோண்டுவார்கள். கூட வேலை செய்கிறவர்கள் அவரைக் காதண்ணன் என்பார்கள். ஒருமுறை அவர் காட்டிய இடத்தில் தோண்டினால் குழாயே இல்லை. "இன்னும் தோண்டுங்க" என்றார். தோண்டினார்கள். இந்த நகரம் உண்டாவதற்கு முன்னால் யாரோ பதித்து மறந்த மண்குழாய் ஒன்று அங்கே சொட்டிக்கொண்டிருந்தது.*

முப்பத்தொரு வருடத்தில் அவர் யாரிடமும் "என்ன சொன்னீங்க?" என்று கேட்டதில்லை. கசிவு கேட்பவன் அப்படிக் கேட்டுவிட்டால் அவனை நம்பி எவன் கடப்பாரையைத் தூக்குவான்?

(*நம்பாதவர்கள் அந்தப் பள்ளத்தைப் போய்ப் பார்க்கலாம். இன்னும் மூடவில்லை.)

3

இனி அந்தப் பெண். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். (முதலில் இவரை விதவையாக எழுதினேன், பிறகு விவாகரத்தானவராக. காதண்ணன் சொன்னது "தனியா இருக்காங்க" என்று மட்டும்தான். அதற்கு மேல் துருவ நான் யார்?) காதண்ணனும் தனி ஆள். நான்கு வருடங்களாக வாரம் தவறாமல் அவருடைய கண்ணாடியின் திருகாணி தளர்ந்துவிடும். தளர்த்துவது யார் என்பது அந்த அம்மாவுக்கும் தெரியும்.

முதல் வருடம் அவரை 'சார்' என்றார். இரண்டாம் வருடம் 'சார்' உதிர்ந்தது. அந்தக் காலி இடத்தில் எந்த நிமிடமும் 'அண்ணே' வந்து உட்கார்ந்துவிடும் என்று காதண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊரே அண்ணன் என்று கூப்பிடுகிற ஆளுக்கு, அந்த ஒரு வாயிலிருந்து மட்டும் அது வந்துவிடக் கூடாது. வரவில்லை. "வாங்க, உக்காருங்க, கழட்டிக் குடுங்க" – அவ்வளவுதான். எந்த உறவுமுறையும் வைத்துக் கூப்பிடாமல் ஒரு பெண் இத்தனை வருடம் பேசினால் அதற்கு என்ன அர்த்தம்? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் அவர் அருவிக்குக் கூப்பிட்டார்.

4

அருவி என்றதும் காட்டையும் மலையையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், வங்கிக்கும் மெத்தைக் கடைக்கும் இடையில் தொடங்குகிறது பாதை. கல் பாவியது. செருப்பில் மண் ஒட்டாது, தள்ளுநாற்காலிகூடப் போகும். நானூறு எட்டு வைத்தால் ஒரு கம்பித் தடுப்பு. அதற்கப்பால் ஆறு, ஆறு மாடி உயரத்திலிருந்து தலைகுப்புற விழுகிறது. மேலே பாலத்தில் பேருந்துகள் அது பாட்டுக்குப் போகின்றன.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் நடந்தார்கள்.

"பதினாறு வருஷமா கடை வச்சிருக்கேன். இவ்ளோ கிட்டத்துல இருக்குன்னு தெரியாமப் போச்சு."

"உங்க கடையில உக்காந்திருக்கும்போதே எனக்குக் கேக்கும்."

"இது மட்டுந்தானா? நான் மனசுக்குள்ள திட்டுறதும் கேக்குமா?"

"அது லேசா."

"லேசாத்தான் திட்டுனேன். ஆமா, அந்தத் திருகாணிய எதால கழட்டுறீங்க?"

காதண்ணன் கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். "நகத்தால."

"அதான் பாத்தேன், மரையெல்லாம் தேஞ்சுபோச்சு. கேட்டிருந்தா சின்ன ஸ்க்ரூ டிரைவரே குடுத்திருப்பேன்ல."

5

தடுப்பருகே போனதும் சாரல் அடித்தது. கண்ணாடி முழுக்கப் பனி மூடிக்கொண்டது. அந்த அம்மாவின் முகம் வெறும் வெளிச்சமாகத் தெரிந்தது. காதண்ணன் அவர் காதருகே குனிந்து, நான்கு வருடமாக நெட்டுருப் போட்டதைக் கத்தினார்:

"இனிமே நாம ஒண்ணா இருந்துக்கலாம்னு நெனைக்கிறேன். உங்களுக்கு வேணுமா, வேணாமா?"

அந்த அம்மா ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்.

நம் மொழியைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் இந்த இடத்தில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டார்கள். வேணும், வேணாம். தலையும் ஒன்று, வாலும் ஒன்று. நடுவில் ஓர் உயிர் மட்டும் வேறு. உதடு குவிந்தால் ஒரு வாழ்க்கை, வாய் திறந்தால் இன்னொன்று. அருவி அந்த ஓர் எழுத்தை மட்டும் குடித்துவிட்டு, தலையையும் வாலையும் காதண்ணனிடம் துப்பியது.

மறுபடி கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். முப்பத்தொரு வருடம் என்று மேலே எழுதியிருக்கிறேன், பாருங்கள். அவர் "சரி" என்றார். 'சரி' இரண்டுக்கும் பொருந்தும்.

6

திரும்பி வரும்போது அந்த அம்மா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். (கல் ஈரமாக இருந்தது.) வங்கி வாசலில் காதண்ணனின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அவரே மாட்டிவிட்டார். (அது அவர் தொழில்.) "நாளைக்குக் கடைக்கு வாங்க" என்றார். (எல்லாக் கடைக்காரர்களும் சொல்வது.)

ஒரு முடிவு எழுதினேன்: மறுநாள் கடையில் அந்த அம்மா மேசை இழுப்பறையைத் திறந்து, வீட்டின் இரண்டாவது சாவியை எடுத்து—

நிறுத்திவிட்டேன். அது அவர் கதை அல்ல, என் ஆசை.

இன்னொன்று: காதண்ணன் கடைக்குள் நுழைகிறார். "வாங்கண்ணே," என்கிறார் அந்த அம்மா.

எழுதிவிட்டு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிழித்துப் போட்டேன்.

"மூணு வாரம் ஆச்சு," என்றார் காதண்ணன். "கடைப் பக்கமே போகல. இப்ப நெஜமாவே திருகாணி விழுந்துடுச்சு." கண்ணாடிக் காம்பை நூலால் கட்டியிருந்தார். போய்க் கேட்டுத் தொலையுமய்யா என்று சொல்ல வாயைத் திறந்தேன். மரத்த வாயிலிருந்து ஓர் உறுமல்தான் வந்தது.

"சரி," என்றார் அவர். அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

7

ஆகவே அந்த எழுத்து என்னிடம் இல்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பென்சிலால் போடுங்கள், நாளைக்கு மனம் மாறலாம்.

வே........ம்

இதை அச்சுக்குக் கொடுக்குமுன், அருவியின் உயரம் சரிதானா என்று பாதைக் காவலாளியிடம் விசாரித்தேன். உயரம் சரிதான். ஆனால் அவர்கள் இருவரும் போன அந்த ஞாயிற்றுக்கிழமை மேலே மின்நிலையத்தார் மதகை அடைத்திருந்தார்கள். காலையிலிருந்து மாலைவரை அருவியில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அப்படியானால் காதண்ணன் காதில் இரைந்தது எது, அந்த எழுத்தைக் குடித்தது யார்?