மலைக்காவல் படையின் ஆம்புலன்ஸ்

ஆயுத பூஜைக்காக டி.வி.யைத் துடைத்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து, ஈரத்துணி வழுக்கி உள்ளே விழுந்துவிட்டார். கோவையில் இது நடக்கிறதுதான். எதிர்வீட்டுக்காரர்கூடப் போன வருஷம் செய்திக்குள் விழுந்து, வானிலை முடிந்ததும் வந்து சேர்ந்தார்.

ஆனால் நாச்சிமுத்து விழுந்தது ‘மலைக்காவல் படை’ என்ற பழைய தொடரின் கடைசிப் பகுதியில். பாலத்தின் நடுவே கால் முறிந்து கிடந்தார். தொடர் முடிந்துவிட்டால் அவர் கதையும் முடிந்தது.

மனைவி குமுதவல்லி ஆம்புலன்ஸுக்கு போன் போட்டாள்.

“எந்தச் சேனலுங்க?” என்றது குரல்.

சொன்னாள்.

“அதுக்குள்ள எங்க வண்டி போகாதுங்க. அந்தத் தொடர்ல வர்ற வண்டிதான் போகும்.”

அந்த வண்டி அவளிடம் இருந்தது. உள்ளங்கை அளவு. டி.வி. தொடர்களில் வந்த வண்டிகளின் பழைய உலோகப் பொம்மைகளைச் சேர்ப்பவள் அவள். கண்ணாடி அலமாரி நிறைய வைத்திருந்தாள். பேசும் ஜீப் உண்டு, பேய் பிடிக்கும் வேன் உண்டு. ஆம்புலன்ஸ் மட்டும் இன்னும் கண்ணாடித்தாள் ஒட்டிய அட்டைப் பெட்டிக்குள். பெட்டியைத் திறந்தால் மதிப்புப் போய்விடும் என்பது சேர்ப்பவர்களுக்கு வேதவாக்கு.

மாடிவீட்டுத் தர்மலிங்கம் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தான். அவனும் சேர்ப்பவன். டி.வி.யைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தான்.

“அக்கா, தொறந்துறாதீங்க. உலகத்துலயே தொறக்காதது இது ஒண்ணுதான்.”

“அவரு கெடக்கறாரு தர்மு.”

“கெடக்கறாருதான். கதவு தொறக்குமாக்கா?”

எந்த வண்டியைப் பார்த்தாலும் சேர்ப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

“பெட்டிக்குள்ளயே இருக்குது. எனக்கெப்படித் தெரியும்?”

டி.வி.க்குள்ளிருந்து நாச்சிமுத்து கத்தினார்.

“அம்மிணி, பெட்டியக் கிழிச்சுப்போடாத! பின்னாடி ரெட்டைச் சக்கரம், கூரையில நீல விளக்கு, இப்படி எவனும் செஞ்சதில்ல புள்ள!”

குமுதவல்லி அசந்துபோனாள். கல்யாணமான நாளிலிருந்து தகர டப்பா என்று நக்கலடித்த மனிதர்.

“நீங்க எப்பப் பாத்தீங்க?”

“நீ கோயிலுக்குப் போறப்பெல்லாம். டார்ச் அடிச்சுப் பாப்பேன்.”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இப்படிப்பட்ட ஆளைத் தொடரோடு முடிய விடுவதா? பெட்டியை ஒரே இழுப்பில் கிழித்தாள். புதுப் பெயின்ட் வாசனை வீடு முழுக்க அடித்தது. தர்மலிங்கம் கண்ணை மூடி அதை ஆழ இழுத்துக்கொண்டான்.

சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். ஆயுத பூஜையன்று எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் எந்த வண்டியும் கிளம்பாது. பழமோ வண்டியைவிட உயரம். வண்டி முட்டிக்கொண்டு நின்றது. தர்மலிங்கம் பழத்தைப் பிழிந்து, ஒரே ஒரு விதையை எடுத்துச் சக்கரத்தடியில் வைத்தான். நசுங்கியது. கிளம்பிவிட்டது.

அலமாரிக்கும் டி.வி.க்கும் இடையே இருந்த கூடம் நீண்டு மலைப்பாதையானது. வண்டி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அழகாக ஒடித்துத் திரும்பியது. சைரன் கொசு போல் கேட்டது.

“என்னா ஓட்டம்க்கா!” என்றான் தர்மலிங்கம். கும்பிட்டே விட்டான்.

வண்டி திரைக்குள் போனது. தொடர் முடிந்தது. சோப்பு விளம்பரம் வந்தது. விளம்பரத்தின் நடுவே, நுரையை விலக்கிக்கொண்டு, ஆம்புலன்ஸ் வெளியே வந்தது.

உள்ளே நாச்சிமுத்து கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தார். அரிசி மணி அளவு. அதன்பின் அவர் பெரிதாகவில்லை.

“ஒரு குலுக்கல் இல்ல அம்மிணி,” என்றார்.

குமுதவல்லி வண்டியை அலமாரியில் திருப்பி வைக்கவில்லை. சாப்பிடும்போது தன் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஜன்னல் வழியாக இட்லித் துணுக்கு கொடுத்தாள். தகர டப்பா என்று அவர் அதற்கப்புறம் சொன்னதே இல்லை.

ஈரோட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சேர்ப்பவர்கள் பார்க்க வந்தார்கள். பெட்டி கிழிந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்.

“கதவு தொறக்குமாங்க?”

“தொறக்கும்,” என்பாள் குமுதவல்லி. “அவரு மனசு வெச்சா.”